மூன்றாவது குழாய்

குழாய்க்காரருக்குத் தெரியாத குழாய் அந்த ஊரில் கிடையாது. நம்பிக்கை இல்லையென்றால் அவரையே கேட்டுப் பார்க்கலாம். சுவருக்குள் ஓடுவது, தரைக்கடியில் ஓடுவது, முப்பது வருஷத்துக்கு முன்னால் எவனோ போட்டுவிட்டு மறந்துபோனது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. குழாயின் மேல் விரலால் இரண்டு தட்டு தட்டுவார். காதை வைத்துக் கேட்பார். "இது செத்த லைன்" என்று சொல்லிக்கொண்டே ரம்பத்தை எடுத்துவிடுவார். "அண்ணே, நல்லாப் பாத்துக்குங்க" என்று கொத்தனார் யாராவது வாயைத் திறந்தால், "தெரியும்டா, தெரியும்!" என்று ஒரே அதட்டு. அந்தச் சொல்லை ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது சொல்லிவிடுவார். அதனாலேயே கொத்தனார்கள் அவருக்கு முதுகுப் பக்கம் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். "என்னடா, தெரியும் வந்தாச்சா?" என்று ஒருத்தன் கேட்பான். "வந்து ரெண்டு லைனை வெட்டியும் ஆச்சு" என்பான் இன்னொருத்தன்.

ஒரே ஒரு தடவைதான் சறுக்கியது. நான்கு மாடிக் கட்டடத்தில், செத்த லைன் என்று அவர் அறுத்த குழாயில் மேல்தொட்டித் தண்ணீர் மொத்தமும் இருந்தது. அது வரைபடம் போட்ட இன்ஜினியரின் தப்பு என்று இன்றைக்கும் சாதிப்பார். அவர் மனைவி அந்தக் கதையை வேறு மாதிரி சொல்வாள். "மூணாவது மாடிக்காரங்க அன்னிக்குக் கட்டில்ல படுத்தபடியே குளிச்சாங்க. சோப்பு மட்டும்தான் குறை" என்பாள். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பாள். சிரிக்கத் தெரிந்தவள்.

அந்தச் சிரிப்புக்குத்தான் எட்டு மாதமாய் ஆபத்து வந்திருந்தது. அவளுக்குப் பித்தப்பையில் கல்.

அவள் வேலை செய்தது பெரிய லாண்டரி ஒன்றில். ஹோட்டல்களின் படுக்கை விரிப்பெல்லாம் அங்கேதான் வரும். கீழ்த்தளம் ஈரப் பக்கம். மெஷினிலிருந்து நனைந்த துணியை இழுத்து இழுத்துத் தள்ளுவண்டியில் போட வேண்டும். ஒரு வண்டி ஒரு ஆள் கனம் கனக்கும். மேல்தளம் காய்ந்த பக்கம். அங்கே சூடான உருளைக்குள்ளிருந்து விரிப்பு வழுவழுவென்று வெளியே வரும். இரண்டு பெண்கள் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, எதிரெதிரே நடந்து, மடித்து, மறுபடி நடந்து, மறுபடி மடிப்பார்கள். பதினாலு வருஷம் ஈரப் பக்கத்திலிருந்து மேலே வரப் பாடுபட்டு வந்தவள் அவள். பொரித்த மீன் தின்ற ஒரு மத்தியானம், பாதி மடித்த விரிப்போடு நடந்து வந்தவள் அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டாள். வலது விலாவுக்குக் கீழே பிடித்து, முதுகைச் சுற்றி, தோள் வரைக்கும் ஏறிய வலி. எதிர் முனையைப் பிடித்திருந்தவள், "பிள்ளை பெத்தப்பகூட நீ இப்படிக் கத்தியிருக்க மாட்டே" என்றாளாம். "அதுக்காவது கடைசியில கையில ஒண்ணு கிடைச்சுது" என்றாளாம் இவள், அந்த வலியிலும்.

ஆபரேஷன் என்று முடிவானதும் மேனேஜர் மூன்று வாரம் லீவு கொடுத்தார். அதற்கு மேல் போனால் மேல்தள இடம் வேறு ஆளுக்கு, திரும்பி வந்தால் ஈரப் பக்கம்தான் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

ஆகவேதான் அன்று காலையில் தியேட்டர் வாசலில், தள்ளுகட்டிலில் படுத்தபடி காதுத் தோட்டைக் கழற்றிக் கணவன் கையில் வைத்தவள் சொன்னாள்: "பாதியில விட்டுட்டுக் கூட்டிட்டு வந்துராதீங்க. எது ஆனாலும் இன்னையோட அது ஒழியணும்."

"என்னமோ நானே கத்தியைப் பிடிக்கப்போற மாதிரி சொல்றே."

"நீங்கதான் எல்லாம் தெரிஞ்சவராச்சே" என்றாள். கதவு சாத்தியது.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். கூட வந்திருந்த மச்சான், அவளுடைய அண்ணன், வாடகை வண்டி ஓட்டுகிறவர், உட்கார்ந்த இடத்தில் இருக்க மாட்டாதவர், டீ வாங்கக் கீழே போயிருந்தார். கதவு பாதி திறந்து, "அந்தம்மா வீட்டுக்காரர் யாரு? உள்ள வாங்க" என்று நர்ஸ் கூப்பிட்டாள். குழாய்க்காரர் எழுந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார்.

உள்வாசலில் டாக்டரம்மா நின்றிருந்தார். சின்ன உருவம். முகமூடி கழுத்துக்கு இறங்கியிருந்தது, மூக்கில் கண்ணாடி அழுத்திய தடம். உள்ளேயிருக்கும் காமிரா எடுத்த படத்தை ஒரு சின்னத் திரையில் காட்டினார்.

"பயப்படாதீங்க, அவங்க நல்லா இருக்காங்க. இதைப் பாருங்க. இதுதான் பித்தப்பை. வழக்கமா இதுக்கு ரெண்டே ரெண்டு இணைப்புதான் இருக்கும். பித்தம் போற குழாய் ஒண்ணு, ரத்தக் குழாய் ஒண்ணு. ரெண்டையும் கிளிப் போட்டு வெட்டிட்டா பை கையோட வந்துரும். உங்க வீட்டுக்காரம்மாவுக்கு மூணாவதா ஒண்ணு இருக்கு. பை கழுத்துக்கிட்ட வந்து சேருது. இது எங்கிருந்து வருதுன்னு எனக்குத் தெரியலை."

தெரியலை என்று ஒரு டாக்டர் சொல்லி அவர் கேட்டதில்லை. முதலில் பயம்தான் வந்தது. பயம் வந்த சுருக்கில் கூடவே ஒரு தைரியமும் வந்தது. குழாய்தானே! திரையைப் பார்த்தார். சிவப்பும் மஞ்சளுமாய் மினுங்கும் சதைக்கு நடுவே, சுண்டுவிரல் நகத்தில் பாதிகூட இல்லாத பருமனில், வெளிறிய ஒரு குழாய். அவர் விரல் தன்னால் நீண்டு திரையில் இரண்டு தட்டு தட்டியது.

"இது செத்த லைன் டாக்டர்" என்றார். "பழைய வீட்டுல எல்லாம் இப்படித்தான் ஒண்ணு தொங்கும். தொட்டியையே எடுக்கப்போறோம், அப்புறம் இதுக்கு என்ன வேலை? கிளிப்பைப் போட்டு வெட்டிவிட்டுருங்க."

டாக்டரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார். "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"பிளம்பிங். இருபத்தெட்டு வருஷம்."

"தப்பா வெட்டிட்டா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்? தண்ணி வரும். அடைச்சிரலாம்."

"இங்க அடைக்க முடியாது. வயித்தைப் பெருசாத் திறந்தாலும் கண்ணால பாத்து இது எங்க போகுதுன்னு சொல்ல முடியாது. சாயம் விட்டுப் படம் எடுக்கணும், அந்த மெஷின் இங்க இன்னிக்கு வேலை செய்யலை. நான் நிறுத்தப்போறேன். ஸ்கேன் பாத்துட்டு இன்னொரு நாள் செய்வோம்."

இன்னையோட அது ஒழியணும் என்று அவள் சொன்னது காதிலேயே இருந்தது. குழாய்க்காரர் கும்பிடாத குறையாய்க் கெஞ்சினார். "வெட்டுங்க டாக்டர். நான் சொல்றேன், வெட்டுங்க. எது ஆனாலும் நான் பொறுப்பு. எதுல வேணும்னாலும் கையெழுத்துப் போடுறேன்."

"நீங்க எதுல போட்டாலும் நான் வெட்ட மாட்டேன்" என்றார் டாக்டரம்மா. கோபமாகச் சொல்லவில்லை, மழை வரும்போல இருக்கு என்று சொல்கிற மாதிரிதான் சொன்னார். "நிறுத்தினதை உங்ககிட்ட சொல்லிட்டேன்னு போடுங்க. அது போதும்."

போட்டார்.

வெளியே வந்தபோது மச்சான் இரண்டு கையிலும் டீயோடு நின்றிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் டீ இரண்டும் நாற்காலிக்கு அடியில் போயின. "திறந்து பாத்துட்டு மூடிட்டாங்களா? கடை ஷட்டரா அது? இன்னொரு தடவை என் தங்கச்சி வயித்தைக் கிழிக்கணுமா? யாரு அந்த டாக்டரு, நானே கேக்குறேன்!" சட்டைக் கையை மடித்துக்கொண்டு தியேட்டர் கதவைப் பார்த்து நடந்தார். அவர் கேட்கிற விதம் குழாய்க்காரருக்குத் தெரியும். ரோட்டில் வண்டியை உரசினவனிடம் அவர் கேட்டதற்கு இரண்டு தையல் போட வேண்டி வந்தது. உள்ளே அந்த டாக்டரம்மாவின் கை இன்னும் தன் மனைவியின் வயிற்றில் இருக்கிறது. நாளைக்கும் இந்தக் கையைத்தான் தேடி வர வேண்டும்.

"நான்தான் நிறுத்தச் சொன்னேன் மச்சான்" என்றார். எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

மச்சான் நின்றார். "நீங்களா?"

"நான்தான். படத்தைக் காட்டினாங்க. எனக்குச் சரியாப் படலை. வேணாம்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்."

"உங்களுக்குப் புத்தி இருக்கா மாப்பிள்ளை?" என்றார் மச்சான். அதோடு விடவில்லை, ஒரு அரை மணி நேரம் அதையே பல தினுசாகக் கேட்டார். ஆனால் கதவுப் பக்கம் போகவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் உண்டு. வயிற்றிலிருந்து எடுத்த கல்லைச் சின்ன பாட்டிலில் போட்டு ஆளிடமே கொடுத்துவிடுவார்கள். வார்டில் ஒவ்வொரு கட்டில் பக்கத்திலும், தண்ணீர்ச் செம்புக்கும் மாத்திரைக்கும் நடுவே, அந்த பாட்டில் உட்கார்ந்திருக்கும். பக்கத்துக் கட்டில் அம்மாளுக்குப் பதினேழு கல். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் குலுக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். குழாய்க்காரரின் மனைவி மயக்கம் தெளிந்ததும் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டி அலமாரியைத் துழாவினாள்.

"என் பாட்டில் எங்க?"

குழாய்க்காரர் தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தார்.

"எத்தனை இருந்துச்சு? காட்டுங்க."

"எடுக்கலைம்மா" என்றார் அண்ணன். "உன் புருஷன் நிறுத்தச் சொல்லிட்டாரு."

அவள் கண்ணைத் திறந்து கணவனைப் பார்த்தாள். அழுவாள், திட்டுவாள் என்று அவர் தயாராக நின்றார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பப் பார்த்தாள், தையல் விடவில்லை, முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள்.

அதற்கப்புறம் அந்த வீட்டில் பேச்சு என்று ஒன்று இல்லை. மாடியில் இரண்டே அறை. மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். விடாத மழை வேறு. ஜன்னலைத் திறக்க முடியாது, துணி காயாது. மூன்று வாரம் கழித்து அவள் லாண்டரிக்குப் போனாள். இன்னொரு ஆபரேஷன் இருக்கிறதென்றால் இன்னொரு லீவும் இருக்கிறதல்லவா என்றார் மேனேஜர். மேலே வேறு ஒருத்தி விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். ஈரப் பக்கம் வேண்டுமானால் வா. கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு பைக்குள் இருந்தது. திரும்பி வந்துவிட்டாள். ஸ்கேனுக்கு வரிசை, கொடுத்த தேதிக்கு இன்னும் ஐந்து வாரம். போகவும் முடியாமல், இருக்கவும் முடியாமல், அந்த இரண்டு அறைக்குள் சுற்றிச் சுற்றி வந்தாள். இருந்த விரிப்பையெல்லாம் எடுத்து மடிப்பாள். எதிர் முனையைப் பிடிக்க ஆளில்லாமல் தாடையில் இடுக்கிக்கொண்டு மடிப்பாள். அவர் பிடிக்க வந்தால் கீழே போட்டுவிட்டுப் போய்விடுவாள்.

சமையல் அவர் கையில். எண்ணெய் கூடாது, பொரித்தது கூடாது, முட்டை மஞ்சள் கூடாது. காயை வேகவைத்து உப்புப் போட்டு வைப்பார். அவள் தட்டைப் பார்ப்பாள், தின்பாள், கழுவி வைப்பாள். "கதவைச் சாத்துங்க." "மாத்திரை தீந்துபோச்சு." அவ்வளவுதான் பேச்சு. இரண்டு தடவை வலி வந்தது, இரண்டும் பட்டப்பகலில். தலையணையை விலாவில் அழுத்திக்கொண்டு தரையில் முழங்காலிட்டு அப்படியும் இப்படியும் ஆடினாள். அவர் முதுகைத் தடவப் போனபோது, "தொடாதீங்க" என்றாள். "நீங்க நிறுத்தின வலிதானே இது."

நான் வெட்டத்தான் சொன்னேன், அந்த அம்மாதான் கேக்கலை. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அன்றைக்கு அதைச் சொல்லியிருந்தால் அந்த நிமிஷமே அவள் முகம் மாறியிருக்கும். ஆனால் அவளுக்குச் சொன்னால் அண்ணனுக்குப் போகும். அண்ணன் ஆஸ்பத்திரிக்குப் போவார். போகட்டுமே, நாம் சொன்னதில் என்ன தப்பு என்றும் இருந்தது. கூடவே, இங்க அடைக்க முடியாது என்று அந்த அம்மா சொன்னதும் இருந்தது. விழுங்கிக்கொண்டார்.

அந்த நாட்களில்தான் ஒரு பள்ளிக்கூடத்துக் கழிப்பறை வேலைக்குப் போனார். சுவரை உடைத்ததும் மெல்லிசாய் ஒரு பழைய குழாய். இரண்டு தட்டு தட்டினார், காதை வைத்தார், "செத்த லைன்" என்றார். ரம்பத்தை எடுத்தார். கை ஓடவில்லை. ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு மாடிக்கு ஏறினார், இறங்கினார், சாக்கடை மூடியைத் திறந்தார், மழையில் நனைந்துகொண்டே கட்டடத்தை மூன்று சுற்று சுற்றினார். மத்தியானம் இரண்டு மணிக்குத் திரும்பி வந்து, "செத்த லைன்தான்" என்றார்.

"அதைத்தானேண்ணே காலையில எட்டு மணிக்கே சொன்னீங்க?" என்றான் கொத்தனார்.

"சொன்னேன்டா" என்றார். தெரியும் என்று சொல்லவில்லை. கொத்தனார் அன்று மாலை எல்லோரிடமும், "அண்ணனுக்கு உடம்பு சரியில்லைபோல" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

ஸ்கேன் வந்தது. டாக்டரம்மா ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் படம் போட்டார். ஈரல், கீழே பை, நடுவே பெரிய குழாய். அப்புறம் ஈரலின் வலப்புறத்துப் பின்பாகத்திலிருந்து ஒரு கோடு இழுத்து, பைக் குழாயின் கழுத்தில் கொண்டுவந்து சேர்த்தார்.

"இதுதான் அந்த மூணாவது. எல்லாருக்கும் இது ஈரலுக்குப் பக்கத்துலயே பெரிய குழாயில சேந்துரும். உங்களுக்கு வழி மாறி, பைக்கிட்ட வந்து சேருது. நூறு பேரைத் திறந்தா ஒருத்தருக்கு இருக்கலாம், அதுவும் இல்லாமப் போகலாம். பிறவியிலேயே அப்படி. இது இருக்கிறதால உங்களுக்கு ஒரு கெடுதலும் இல்லை. வெட்டுறவங்களுக்குத்தான் கண்ணி."

"அன்னிக்கு வெட்டியிருந்தா?" என்றாள் அவள்.

"ஈரல்ல அந்தப் பாகத்துல ஊறுற பித்தம் முழுக்க வயித்துக்குள்ள கொட்டியிருக்கும். காய்ச்சல், மஞ்சக் காமாலை, பித்தம் வடிய இடுப்புல ஒரு பையைத் தொங்கவிட்டுக்கிட்டு மாசக்கணக்கா அலைச்சல். திரும்பப் பெரிய ஆபரேஷன். சில பேர் பிழைக்கிறதும் இல்லை."

அவள் அந்தக் கோட்டையே பார்த்தாள். அப்புறம் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். எட்டு வாரத்தில் முதல் தடவையாக முழுசாய்ப் பார்த்தாள், கண் கலங்கியிருந்தது.

"இவர்தான் டாக்டர் நிறுத்தச் சொன்னாரு" என்றாள். "நான் பாவி, இவரைப் போட்டு என்ன பாடு படுத்திட்டேன்!"

டாக்டரம்மா கண்ணாடிக்கு மேலாகக் குழாய்க்காரரைப் பார்த்தார். அவர் சொல்வார் என்று கொஞ்சம் காத்திருந்த மாதிரி இருந்தது. குழாய்க்காரர் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வர்ற பதினாலாம் தேதி வெச்சுக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

அன்றிலிருந்து பிடித்தது சனி. மச்சான் ஒரு கூடைப் பழத்தோடு வந்து, "மாப்பிள்ளை, உங்க தொழிலறிவுதான் என் தங்கச்சியைக் காப்பாத்துச்சு. நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். தன் வண்டியில் ஏறுகிற அத்தனை பேரிடமும் அந்தக் கதையைச் சொன்னார். கொத்தனார்கள்கூட முதுகுப் பக்கம் வைத்த பெயரை மரியாதையாய்ச் சொல்ல ஆரம்பித்தார்கள். அவள் மறுபடி அடுப்படிக்கு வந்தாள். தான் தின்னக் கூடாத முட்டையை எண்ணெயில் முறுகப் பொரித்து, அவர் தட்டில் வைத்து, எதிரில் உட்கார்ந்து, அவர் தின்பதைப் பார்த்தாள். திட்டு வாங்கின நாளிலெல்லாம் இறங்கிய சோறு இப்போது தொண்டையில் நின்றது.

"அதை எனக்குக் காட்டுங்களேன்" என்றாள் ஒரு நாள். பழைய பேச்சு திரும்பியிருந்தது. "டாக்டர் போட்ட படம் புரிஞ்ச மாதிரியும் இருக்கு, புரியாத மாதிரியும் இருக்கு."

வேலைப் பையைக் கவிழ்த்தார். தரையில் ஒரு நீளக் குழாய், ஒரு முக்கிளை இணைப்பு, இரண்டு முழங்கை வளைவு. "இது பெரிய குழாய். இது பை. ஊர்ல எல்லாருக்கும் இப்படி." ஒரு முழங்கையைப் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினார். "உனக்கு இப்படி."

அவள் குனிந்து அந்த இணைப்பை விரலால் தொட்டாள். "இத்தனூண்டு! இதைப் பாத்த உடனே எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

வாயைத் திறந்தார். மச்சான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சண்டை போடுவார் என்ற சாக்கு இப்போது இல்லை. சொல்ல ஒரு தடையும் இல்லை, அவர் மனசைத் தவிர. இத்தனை நாள் கழித்துத் திரும்பி வந்த அந்த முகத்தை எப்படி இழப்பது? "பழக்கம்தான்" என்றார். சொன்ன வாயை அறுத்துப் போடலாம்போல இருந்தது. இப்போது சொன்னால் எல்லாம் போச்சு. சொல்லாவிட்டால் தினம் ஒரு முட்டை.

பதினாலாம் தேதி வந்தது. அதே வாசல், அதே தள்ளுகட்டில். இந்தத் தடவை சாயம் விட்டுப் படம் எடுக்கிற மெஷின் உள்ளே தயாராய் இருந்தது. அவள் தோட்டைக் கழற்றி அவர் உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கிவிட்டாள். மச்சான் பக்கத்தில் நின்றார். டாக்டரம்மா கதவுக்கு வெளியே வந்து, "என்னம்மா, தயாரா?" என்றார்.

"தயார்தான் டாக்டர். ஒண்ணே ஒண்ணு" என்றாள் அவள். "உள்ள எது ஆனாலும் போன தடவை மாதிரி இவரைக் கூப்பிட்டுக் கேட்டுருங்க. இவர் வெட்டுன்னா வெட்டுங்க, வேணாம்னா விட்டுருங்க. எனக்கு அது போதும். நான் நிம்மதியாத் தூங்குவேன்."

டாக்டரம்மா குழாய்க்காரரைப் பார்த்தார். நர்ஸ் கட்டிலின் பிடியில் கை வைத்தாள். கட்டில் ஒரு அடி நகர்ந்தது.

"நில்லுங்க" என்றார் குழாய்க்காரர். "நான் வெட்டச் சொன்னேன்."

"என்னங்க?"

"அன்னிக்கு. நான் வெட்டத்தான் சொன்னேன். செத்த லைன்னு சொன்னேன். ரெண்டு தட்டு தட்டிச் சொன்னேன். கெஞ்சினேன். இவங்கதான் மாட்டேன்னாங்க." கையிலிருந்த தோட்டைப் பார்த்துச் சொன்னார்: "நான் சொன்னதைக் கேட்டிருந்தா நீ இல்லை."

மச்சானின் வாய் திறந்தபடி நின்றது. அவள் படுத்தபடியே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வார்டுப் பக்கம் எங்கேயோ ஒரு தள்ளுவண்டிச் சக்கரம் கீச்சிட்டுப் போயிற்று. அவள் கையை நீட்டினாள்.

"குடுங்க."

உள்ளங்கையைத் திறந்து தோட்டைக் கொடுத்தார். இரண்டும் வியர்வையில் ஈரமாயிருந்தன. அண்ணன் முன்னால் வந்து, தானே வாங்கிக்கொள்ளக் கையேந்தினார். அவள் தோட்டைப் பார்த்தாள், அண்ணன் கையைப் பார்த்தாள். அப்புறம் கணவனின் கையை இழுத்து அதிலேயே போட்டாள்.

"இதையாவது வெட்டாம வெச்சிருங்க" என்றாள். டாக்டரம்மா பக்கம் திரும்பி, "அம்மா, இவர்கிட்ட ஒண்ணும் கேக்காதீங்க" என்றாள். கதவு சாத்தியது.

மச்சான் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். ரொம்ப நேரம் அங்கிருந்து எழுந்திருக்கவே இல்லை. அந்த மனுஷனுக்கு அது லேசான காரியமில்லை. கடைசியில், "அன்னிக்கு நீங்க மட்டும் அந்தப் பொய்யைச் சொல்லலைன்னா நான் உள்ள போயிருப்பேன் மாப்பிள்ளை" என்றார்.

"தெரியும்."

"போய் அந்தம்மா மேல கை வெச்சிருப்பேன்."

"தெரியும் மச்சான். அதுக்குத்தான் சொன்னேன். அப்புறம் சொன்னதுக்கெல்லாம் அது காரணம் இல்லை."

மச்சான் எழுந்து போய் இரண்டு டீ வாங்கி வந்தார். ஒன்றை அவர் பக்கத்தில் வைத்தார். அது ஆறிப்போய் ஆடை படிந்தது.

ஒன்றரை மணி நேரம் கழித்துக் கதவு பாதி திறந்தது. "அந்தம்மா வீட்டுக்காரர்?" என்றாள் நர்ஸ். குழாய்க்காரர் உட்கார்ந்தே இருந்தார். கேட்கப் போகிறார்கள் என்றே நினைத்தார். கேட்டால் என்ன சொல்வது? மச்சான் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி அனுப்பினார்.

டாக்டரம்மா கையில் சின்ன பாட்டில் ஒன்று இருந்தது. அதைக் கொடுத்துவிட்டுத் திரையைக் காட்டினார். "அந்த மூணாவது சேர்ற இடத்துக்கு மேலேயே வெட்டிப் பையை எடுத்துட்டோம். இது சாயம் விட்டு எடுத்த படம். பாருங்க, ஓடுது." கறுப்புத் தாரையாய் மூன்றாவது குழாய், வளைந்து நெளிந்து, முழுசாய் இருந்தது. "உங்க செத்த லைன் உயிரோட இருக்கு" என்றார் டாக்டரம்மா. சொல்லிவிட்டு லேசாய்ச் சிரித்தார்.

அவர் திரையைத் தொடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கும்பிட மறந்து நின்றுவிட்டு வந்தார்.

சாயங்காலம் மயக்கம் தெளிந்ததும் அவள் கை அலமாரியைத் துழாவியது. பாட்டிலைக் கையில் வைத்தார். கண்ணுக்கு நேரே பிடித்துக் குலுக்கினாள்.

"மூணுதானா? இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" வாய் உலர்ந்து குழறியது. "இனிமே லாண்டரியில மேலேயோ கீழேயோ, அதை அப்புறம் பாத்துக்கலாம்." கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தாள். மூடியபடியே கேட்டாள். "உங்களைக் கூப்பிட்டாங்களா?"

"கூப்பிட்டாங்க."

"என்ன கேட்டாங்க?"

"கேக்கலை. காட்டினாங்க."

"தோடு?"

சட்டைப் பையிலிருந்து எடுத்தார். அவள் வலது காதைக் காட்டினாள். குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ரெஞ்சு பிடித்துக் காய்த்துப்போன விரல்களால் அந்தச் சின்னத் துளையைத் தேடினார். கம்பி வழுக்கி வழுக்கிப் போயிற்று.

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

கை நின்றது. ஜன்னலுக்கு வெளியே மழைத் தண்ணீர் குழாயில் இறங்குகிற சத்தம். எந்தக் குழாய், எங்கே போகிறது என்று அவர் யோசிக்கவில்லை.

"எனக்குத் தெரியலைன்னு சொல்லியிருப்பேன்" என்றார்.

கம்பி உள்ளே போயிற்று. அவள் சிரிக்கப் பார்த்து, வயிறு இழுக்கவும் தலையணையைச் சேர்த்து அழுத்திக்கொண்டு, "வலிக்குதுங்க" என்றாள். அப்புறம் மெதுவாகத் தலையைத் திருப்பி மற்றக் காதைக் காட்டினாள்.